சாப்ளினின் பூட்ஸும் நம் வீட்டுப் பரணும்

(பெரம்பலூரில் திரைப்பட ஆர்வலர்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பனிமலை நடுவே ஒரு மரக்குடிசை. பசி தாங்காத ஒரு மனிதன் தன் பூட்ஸைக் கழற்றி வேகவைக்கிறான். வெந்ததும் தட்டில் எடுத்து வைத்து, கத்தியைத் தீட்டி, மேல்தோலையும் அடித்தோலையும் பக்குவமாகப் பிரிக்கிறான். எதிரே இருக்கும் பெரிய உருவம் மெத்தென்ற மேல்தோலைப் பிடுங்கிக்கொள்ள, இவனுக்கு ஆணி அடித்த அடித்தோல்தான் மிச்சம். ஒவ்வோர் ஆணியையும் எலும்பை உறிஞ்சுவதுபோல உறிஞ்சித் தட்டோரம் வைக்கிறான். லேஸை முள்கரண்டியில் சுற்றி வாயில் போட்டுக்கொள்கிறான். சார்லி சாப்ளினின் 'தி கோல்டு ரஷ்'. 1925 ஜூன் 26ஆம் தேதி ஹாலிவுட்டில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. நூறு ஆண்டு நிறையும் தறுவாயில், 2025 மே மாதம் கான் திரைப்பட விழா தொடங்கிய நாளில், பழுது நீக்கிய புதிய பிரதியைப் போட்டார்கள். ஜூன் 26 வந்ததும் அது பல நாடுகளின் தியேட்டர்களுக்குப் போனது.

அந்தப் பழுதுநீக்கத்தைப் பற்றிப் பெரம்பலூரில் நின்று எதற்காகப் பேச வேண்டும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. பூட்ஸ் தின்னும் காட்சியைப் பார்க்காதவர்கள் இந்த மண்டபத்தில் மிகக் குறைவாகத்தான் இருப்பார்கள். ஆனால் தியேட்டரில் பார்த்தவர் எத்தனை பேர்? டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போட்ட காலத்தில் கேசட்டில் பார்த்தோம். பிறகு பல படங்களை ஒரே வட்டில் திணித்த சிடியில் பார்த்தோம். இப்போது செல்போனில் பார்க்கிறோம். சாப்ளின் நமக்கு வீட்டுக்குள் வந்து அறிமுகமானவர். ஆகவே வீட்டுக்கு வந்த பிரதி எந்த நிலைமையில் வந்தது என்பது நம்முடைய கேள்வி. நல்ல பிரதியைப் பார்த்த பிறகு எனக்கு ஏற்பட்ட உறுதியைச் சொல்கிறேன்: நகைச்சுவைப் படம் உயிரோடிருப்பது அதன் நேரக்கணக்கில். பழுது நீக்குகிறவர்கள் முதலில் மீட்டுக் கொடுப்பது அந்த நேரக்கணக்கைத்தான்.

இந்தப் படத்துக்கு வந்த சோதனைகளைக் கொஞ்சம் கேளுங்கள். சாப்ளின் காலத்திலேயே அதற்கு இரண்டு உருவங்கள் ஏற்பட்டுவிட்டன. பேசும் படங்கள் நிலைபெற்ற பிறகு, 1942இல், அவரே படத்தை மறுபடி கையில் எடுத்தார். இடையில் வரும் எழுத்து அட்டைகளை நீக்கினார். தன் குரலிலேயே கதை சொன்னார். இசையமைத்தார். வேறு கோணத்தில் பதிவான துண்டுகளை இடையிடையே சேர்த்தார். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஓடிய படம் 72 நிமிடமாயிற்று. முடிவில் வரும் முத்தமும் போயிற்று. படைத்தவர் கைவைத்ததை நாம் குறை சொல்ல முடியாது. அதுவும் அவருடைய படம்தான். ஆனால் 1925இல் மக்கள் பார்த்துச் சிரித்த படம் அன்றோடு அநாதையாகிவிட்டது. 1953இல் அமெரிக்காவில் அதன் காப்புரிமை புதுப்பிக்கப்படாமல் போனதும் யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்து விற்கலாம் என்றாகிவிட்டது. தியேட்டர் பிரதியிலிருந்து பதினாறு மில்லிமீட்டர் பிரதி, அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து வீடியோ கேசட், கேசட்டிலிருந்து சிடி. ஒவ்வொரு தலைமுறைக்கும் முகத்தில் வெளிச்சம் கூடிக் கண்ணும் புருவமும் மறைந்தன. வெண்பனி வெறும் வெள்ளைத்தாள் ஆனது. இன்னொரு கேடும் உண்டு. மௌனப்படத்தில் பிலிமின் முழு அகலமும் படத்துக்கே உரியது. பேசும் படம் வந்தபோது ஒலித்தடத்துக்காக இடது ஓரத்தில் இடம் ஒதுக்கினார்கள். அந்த அமைப்புள்ள கருவியில் மௌனப்படத்தைப் போட்டுப் பிரதி எடுத்தால் இடது ஓரம் வெட்டுப்படும். அந்த ஓரத்தில் நின்றிருந்த ஆளும் காணாமல் போவார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு வேகத்தால் வந்தது. மௌனப்படம் என்றாலே எல்லோரும் தத்தித் தத்தி ஓடுவார்கள் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது படத்தின் குணம் என்றே நம்பிவிட்டோம். அந்தக் காலத்துக் கேமராவைக் கையால் சுற்றுவார்கள். விநாடிக்குப் பதினாறு பிரேம், பதினெட்டு, இருபது என்று காட்சிக்கேற்ப மாறும். சாப்ளினின் ஒளிப்பதிவாளர் ரோலி டோதரோ அவருடன் பல்லாண்டுகள் வேலை செய்தவர். எந்தக் காட்சிக்கு எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும். நகைச்சுவைக்காரர்கள் சில இடங்களில் வேண்டுமென்றே கொஞ்சம் மெதுவாகச் சுற்றச் சொல்வார்கள். திரையில் ஓடும்போது நடையில் ஒரு துள்ளல் வரும், விழுகிறவன் பஞ்சுபோல விழுவான். ஒலி வந்ததும் வேகம் விநாடிக்கு 24 பிரேம் என்று நிலைபெற்றுவிட்டது. பிற்காலத்தில் பிரதி எடுத்தவர்கள் மௌனப்படங்களையும் அந்த ஒரே வேகத்தில் ஓட்டிவிட்டார்கள். கலைஞன் அளந்து வைத்த துள்ளல் வெறும் வலிப்பாகத் தெரிந்தது. ஆகவே சரியான வேகத்தைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. மனிதன் இயல்பாக நடக்கிற வேகம் வந்துவிட்டால் போதும் என்று விடக் கூடாது. நடிகன் எந்த அளவு கூட்டச் சொன்னான் என்பதையும் கணிக்க வேண்டும். காட்சி காட்சியாக உட்கார்ந்து பார்த்து முடிவெடுக்கிற வேலை அது.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. கிராமத்துப் பள்ளிகளில் படம் போட்டுக் காட்டுகிற பழக்கம் எனக்கு உண்டு. பழைய சிடியை ஓட்டும்போது பிள்ளைகள் தொடக்கத்தில் அந்த ஓட்டத்தைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் சலித்துப் போய்ப் பக்கத்துப் பையனைக் கிள்ள ஆரம்பித்துவிடுவார்கள். நல்ல பிரதி கிடைத்த பிறகு நிலைமையே வேறு. புத்தாண்டு இரவில் சார்லி மேசை விரித்து, மெழுகுவத்தி ஏற்றி, தான் விரும்பும் ஜார்ஜியாவுக்கும் அவள் தோழிகளுக்கும் காத்திருக்கிறார். காத்திருந்து கண்ணயர்ந்த கனவில் இரண்டு முள்கரண்டிகளை இரண்டு ரொட்டிகளில் குத்தி, அவற்றைக் கால்களாக்கி ஆடிக் காட்டுகிறார். அந்த ஆட்டத்தில் சிரிப்பு ரொட்டியில் மட்டும் இல்லை. ரொட்டிக் கால் ஒரு பக்கம் எட்டு வைக்கும்போது மேலே அவர் கண் அதே பக்கம் திரும்புகிறது. கால் நிற்கும்போது புருவம் ஏறுகிறது. பழைய பிரதியில் முகம் வெளிறிக் கிடந்ததால் அது தெரியவே இல்லை. முகமும் காலும் ஒன்றாகத் தெரிந்ததும் பிள்ளைகள் மூச்சு விடாமல் பார்த்தார்கள். கனவு கலைந்து, யாரும் வராத அறையில் அவர் கண்விழிக்கிறபோது வகுப்பறையில் ஒரு சத்தம் இல்லை. பழைய பிரதி அவர்களுக்கு ஒரு கோமாளியைக் காட்டியது; நல்ல பிரதி ஒரு மனிதனைக் காட்டியது.

இனி, பழுது நீக்குவது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். 1925 பதிப்பை மீட்கும் முயற்சி நேற்று தொடங்கியதல்ல. ஆங்கிலேயர்களான கெவின் பிரவுன்லோவும் டேவிட் கில்லும் 1993இல் அதை ஒருமுறை கோத்துக் கொடுத்தார்கள். மௌனப்படங்களுக்காகவே வாழ்ந்தவர்கள் அவர்கள். சாப்ளின் கழித்துப் போட்ட துண்டுகளைக் கொண்டே 1983இல் ஒரு தொலைக்காட்சித் தொடர் செய்தவர்கள். சாப்ளின் 1942இல் எழுதிய இசையை 1925 பதிப்பின் நீளத்துக்குப் பொருந்தும்படி அமைத்தவர் டிமத்தி பிராக். அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 2012இல் கொண்டுவந்த வட்டில் 1925, 1942 ஆகிய இரண்டு பதிப்புகளும் சேர்ந்தே வந்தன. நூற்றாண்டுப் பிரதியைச் செய்தது இத்தாலியில் உள்ள பொலோன்யா நகரத்துத் திரைப்படக் காப்பகம். சாப்ளின் படங்களை ஒவ்வொன்றாக மீட்டுவரும் பணியை அது பல ஆண்டுகளாகச் செய்கிறது. அந்தப் பணி நடக்கிற லிம்மாஜினே ரித்ரோவாத்தா என்ற ஆய்வகமும் அதே ஊரில்தான் இருக்கிறது.

முதல் வேலை தேடுவது. உலகில் எங்கெங்கே அந்தப் படத்தின் துண்டு இருக்கிறதோ அங்கெல்லாம் கேட்டு வாங்குவார்கள். மௌனப்படக் காலத்தில் இரண்டு கேமராக்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி எடுப்பது வழக்கம்; ஒன்றின் நெகட்டிவ் உள்நாட்டுக்கு, இன்னொன்றின் நெகட்டிவ் வெளிநாட்டுக்கு. ஆகவே இரண்டு பிரதிகளில் ஒரே காட்சி துளி கோணம் மாறியிருக்கும், நடிப்பின் தேர்வும் மாறியிருக்கலாம். அவற்றைக் கலந்துவிட்டால் நடையின் தாளம் தப்பும். எந்தத் துண்டு எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று பிரேம் பிரேமாக ஒப்பிட்டுத்தான் பிரிக்க வேண்டும். அடுத்து, பிலிமைக் கையால் பழுது பார்ப்பது. ஓரத் துளைகள் கிழிந்திருக்கும், ஒட்டுப் போட்ட இடம் விட்டுப் போயிருக்கும், பழைய பிலிம் சுருங்கியிருக்கும். இதைச் சரிசெய்யாமல் ஸ்கேனரில் ஏற்றினால் நூறு ஆண்டு தாங்கியது ஒரு நிமிடத்தில் அறுந்துவிடும். கீறல் தெரியாமல் இருக்கச் சில சமயம் திரவத்தில் நனைத்தபடியே ஸ்கேன் செய்வார்கள். அதன் பிறகுதான் கம்ப்யூட்டர் வேலை: ஆட்டத்தை நிறுத்துவது, தூசி எடுப்பது, வெளிச்சத்தைச் சமன் செய்வது, பல பிரதிகளில் பாழாகிப்போன எழுத்து அட்டைகளைப் பழைய எழுத்துருவிலேயே மறுபடி அமைப்பது.

எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவர்தான் நல்ல மீட்பாளர். இந்தப் படத்திலிருந்தே இரண்டு உதாரணம் சொல்கிறேன். பசி மயக்கத்தில், குடிசையில் உடனிருக்கும் பெரிய ஜிம்முக்குச் சார்லி ஒரு ராட்சதக் கோழியாகத் தெரிகிறார். அந்த மாற்றத்தை ஆய்வகத்தில் செய்யவில்லை. கேமராவுக்குள்ளேயே ஒரு உருவத்தை மங்க வைத்து, பிலிமைப் பின்னால் சுற்றி, மறு உருவத்தை அதன் மேலேயே பதித்தார்கள். சாப்ளின் கோழி வேஷத்தில் அதே இடத்தில், அதே வளைவில் நின்றாக வேண்டும். அந்த இடத்தில் நாலு பிரேம் போனால் மந்திரம் போச்சு. இன்னொன்று, மலை விளிம்பில் தொங்கி ஆடுகிற குடிசை. தூரத்துக் காட்சிகளில் அது ஒரு பொம்மைக் குடிசை. நூற்றாண்டுப் பிரதி போன்ற தெளிவான பிரதியில் பொம்மை என்பது இன்னும் நன்றாகத் தெரியும். தெரியட்டும். 1925இல் கை எப்படிச் செய்ததோ அப்படியே விடுவதுதான் முறை. இன்று இணையத்தில் சிலர் செயற்கை நுண்ணறிவை வைத்து மௌனப்படத்துக்கு வண்ணம் பூசி, இல்லாத பிரேம்களைப் புகுத்தி, வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி ஆக்கிப் போடுகிறார்கள். லட்சக்கணக்கானவர்கள் பார்த்து வியக்கிறார்கள். எனக்கு அது பெரிய தவறாகப் படுகிறது. சாப்ளின் இரண்டு பிரேமுக்கு நடுவே விட்டுவைத்த இடைவெளியில் கணினி தானாக ஒரு அசைவைச் செருகுகிறது. அதை அவர் நடிக்கவில்லை. அவர் நடிக்காத ஒன்றை அவர் பெயரில் காட்டுவதை மீட்பு என்று சொல்ல முடியாது.

வீட்டுக்கு வருவோம். மௌனப்பட நகைச்சுவையைக் காப்பாற்றியதில் பெரிய ஸ்டுடியோக்களின் பங்கைவிட வீடுகளின் பங்கு அதிகம் என்றுகூட எனக்குத் தோன்றும். பிரான்சின் பாத்தே நிறுவனம் 1922இல் ஒன்பதரை மில்லிமீட்டர் பிலிமில் வீட்டில் படம் பார்க்கும் சிறு கருவியை விற்க ஆரம்பித்தது. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் ஊரிலிருந்து பிளாக்ஹாக் நிறுவனம் பழைய நகைச்சுவைப் படங்களைச் சின்ன பிலிமில் பிரதி எடுத்துத் தபாலில் அனுப்பிவந்தது. குடும்பத்தோடு சுவரில் போட்டுப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தார்கள். மூலப் பிலிம் எரிந்தும் உளுத்தும் போன பிறகு, அந்த அலமாரிப் பிரதிகளே சாட்சியாக மிஞ்சின. லாரல்-ஹார்டி 1927இல் நடித்த 'தி பேட்டில் ஆஃப் த செஞ்சுரி' படத்தின் முடிவில் ஒரு தெருவே கிரீம் பையை எடுத்து ஒருவர் முகத்தில் ஒருவர் அடித்துக்கொள்ளும். அந்தக் காட்சி உலகப் புகழ் பெற்றது. ஆனால் பல பத்தாண்டுகளாக அதன் துண்டு ஒன்றுதான் கைவசம் இருந்தது. முழு ரீல் 2015இல் கிடைத்தது. எங்கே? ஜான் மிர்சாலிஸ் என்ற சேகரிப்பாளர் வைத்திருந்த பதினாறு மில்லிமீட்டர் பிரதிகளுக்கு நடுவே. சாப்ளின் 1914இல் போலீஸ்காரராகத் தலைகாட்டிய 'எ தீஃப் கேட்சர்' என்ற படம் அமெரிக்காவில் பழம்பொருள் விற்பனையில் வாங்கிய பெட்டி ஒன்றிலிருந்து வந்தது. வாங்கியவரான பால் கெருக்கி பெட்டியைப் பொறுமையாகப் பார்க்காமல் விட்டிருந்தால் அது இன்றைக்கும் கிடைக்காத படம்தான்.

நம் கதை என்ன? பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி ஜில்லாவுக்குள் இருந்தவை. அந்தத் திருச்சியில்தான் 1905இல் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஒரு புரொஜக்டரையும் சில படச்சுருள்களையும் வாங்கி, வேலையை விட்டுவிட்டு, கூடாரம் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பினார். நம் பக்கத்து டூரிங் கொட்டகைகளுக்கு எல்லாம் முன்னோடி அவர். அப்போது படத்தில் பேச்சு இல்லாததால் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதையை விளக்கிச் சொல்வார். 1910களின் பிற்பகுதியில் சென்னையில் நடராஜ முதலியார் 'கீசக வதம்' எடுத்தார். தென்னாட்டின் முதல் கதைப்படம். அந்தப் படம் இன்று இல்லை. தென்னிந்தியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட மௌனப்படங்கள் எடுக்கப்பட்டன. மிஞ்சியது ஒன்றே ஒன்று, 1933இல் வந்த 'மார்த்தாண்ட வர்மா'. நாவலின் உரிமை பற்றிய வழக்கில் சிக்கி அதன் பிரதி திருவனந்தபுரத்தில் ஒரு பதிப்பகத்தார் வசம் கிடந்ததால் பிழைத்தது. எழுபதுகளில் புனே தேசியத் திரைப்படக் காப்பகம் அதைப் பெற்றுக்கொண்டது. வழக்கு வந்ததால் ஒரு படம் பிழைத்தது, வழக்கு வராத படமெல்லாம் போயிற்று என்பதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. 1931 அக்டோபர் 31இல் வெளியான முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்'கூட நம்மிடம் இல்லை.

எப்படிப் போயின? பழைய பிலிம் நைட்ரேட்டால் ஆனது. தீப்பிடித்தால் தண்ணீருக்கடியிலும் எரியும். புனேயில் 2003 ஜனவரியில் நடந்த தீவிபத்தில் ஆயிரக்கணக்கான நைட்ரேட் ரீல்கள் சாம்பலாயின. ஆனால் தீயைவிட நாம்தான் அதிகம் அழித்தோம். கறுப்பு வெள்ளைப் பிலிமில் வெள்ளி இருக்கிறது. ஓடி முடித்த படத்தைக் கரைத்து வெள்ளியை எடுத்து விற்றார்கள். அரியலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த நிலம் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்தது. கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல்லாகிப்போன சிப்பியும் நத்தையும் இன்றைக்கும் கிடைக்கின்றன. யாராவது கண்டு எடுத்து வைத்தால் அது வாரணவாசி அருங்காட்சியகத்தில் இருக்கும். எடுக்காவிட்டால் அரைபட்டு சிமெண்ட் ஆகிவிடும். பிலிமுக்கும் நடந்தது அதுவே. சாத்தனூர்க் கல்மரத்தை 1940இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் இன்னதென்று அடையாளம் கண்டு சொன்னதால்தான் அது இன்று காவலுக்குள் கிடக்கிறது. நம் மௌனப்படங்களுக்கு அப்படி அடையாளம் சொல்ல அப்போது ஆள் இல்லை. பிறகு ஒருவர் வந்தார். 1964இல் தொடங்கிய தேசியத் திரைப்படக் காப்பகத்தை வளர்த்தெடுத்த பி.கே. நாயர். இந்திய மௌனப்பட முன்னோடி பால்கேயின் படங்கள் இன்று நம் கண்ணுக்குக் கிடைப்பது அவர் அலைந்த அலைச்சலால். இந்தியாவில் எடுக்கப்பட்ட 1,300க்கும் மேற்பட்ட மௌனப்படங்களில் துண்டும் துணுக்குமாகச் சேர்த்து முப்பதை ஒட்டித்தான் மிஞ்சியிருக்கின்றன.

அந்த முப்பதில் ஒரு நகைச்சுவைப் படம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1931இல் வங்காளத்தில் காளிபத தாஸ் இயக்கி நடித்த 'ஜமாய் பாபு'. கிராமத்து மாப்பிள்ளை ஒருவர் கல்கத்தாவில் இருக்கும் மாமனார் வீட்டுக்கு வருகிறார். நகரம் அவரைப் படாதபாடு படுத்துகிறது. சாப்ளின், ஹரால்டு லாயிட் சாயல் தெரிகிறது. ஆனால் பட்டணத்துக்கு வந்த மாப்பிள்ளை திருதிருவென்று முழிப்பது நம் சொந்தச் சரக்கு. நடிப்பைவிட எனக்குப் பிடித்தது அதில் பதிவாகியிருக்கும் கல்கத்தா. தெருவில் நிற்கிற மக்கள் கேமராவைப் பார்த்துத் திகைத்து நிற்கிறார்கள். அதை முழுத் தரத்தில் பழுது நீக்கி, நல்ல வாத்திய இசை சேர்த்து, வீட்டில் போட்டுப் பார்க்கிற மாதிரி வட்டாகவோ இணையத்திலோ கொண்டுவந்தால் இந்தியப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய கொடை!

பணமோ திறமையோ இல்லை என்று இனிச் சொல்ல முடியாது. சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் உதயசங்கர் எடுத்த 'கல்பனா' (1948) படத்தைப் பொலோன்யாவில் சாப்ளின் படங்களைச் செய்கிற அதே ஆய்வகம் பழுது நீக்கியது; 2012இல் கான் விழாவில் அதைக் காட்டினார்கள். அதே 2012இல் பழைய 'கர்ணன்' படம் புதுப்பிக்கப்பட்டு நம் தியேட்டர்களில் கூட்டம் கூட்டியது. 2022இல் மத்திய அரசு 2,200 படங்களை மீட்டெடுக்க 363 கோடி ரூபாய் என்று அறிவித்தது. சிவேந்திர சிங் துங்கர்பூர் 2014இல் தொடங்கிய ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் சென்னையில்கூடப் பயிற்சி முகாம் நடத்தியிருக்கிறது. ஆகவே நான் ஒரு கோரிக்கையை வெளிப்படையாக வைக்கிறேன். நமக்கென்று ஒரு மௌன நகைச்சுவைப் படம் இருக்கிறது. 1987இல் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கி, கமல்ஹாசனும் அமலாவும் நடித்து, தமிழில் 'பேசும் படம்' என்ற பெயரில் வந்தது. அதன் நூற்றாண்டுக்குக் காத்திருக்க வேண்டாம். ஒளிப்பதிவு செய்த பி.சி. கௌரிசங்கரும் இசையமைத்த எல். வைத்தியநாதனும் இப்போது இல்லை. நிறம் எப்படி இருந்தது, எந்தச் சத்தம் எவ்வளவு கேட்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே அந்த வேலை நடக்க வேண்டும். ஏனென்றால் அந்தப் படத்தில் பேச்சு கிடையாதே தவிர, சத்தம் உண்டு. ஓட்டலின் நிசப்தத்தில் தூக்கம் வராமல் தவிக்கிற கதாநாயகன், தன் பழைய அறையைச் சுற்றிக் கேட்கும் கூச்சலை டேப்பில் பதிந்து கொண்டுவந்து ஓடவிட்டுத் தூங்குகிறான். இரைச்சலை நீக்குகிறேன் என்று யாராவது கண்ணை மூடிக்கொண்டு ஒலித்தடத்தைச் சுத்தம் செய்தால் அந்தச் சிரிப்பே போய்விடும். ஐஸ் கத்தியோடு திரிகிற டின்னு ஆனந்தின் காட்சியில் கத்தியிலிருந்து சொட்டுகிற துளி தெரிய வேண்டும். மங்கிய பிரதியில் அது தெரியாது.

கடைசியாக, உங்கள் கையில் இருக்கும் வேலைக்கு வருகிறேன். இந்த இரண்டு மாவட்டத்திலும் எத்தனையோ டூரிங் டாக்கீஸ்கள் இருந்தன. கொட்டகை நடத்திய குடும்பங்கள், ஆபரேட்டராக இருந்தவர்கள், வீடியோ கடை வைத்திருந்தவர்கள், கல்யாணத்துக்குப் படம் எடுத்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பரணில் தகரப் பெட்டி ஒன்று இருந்தால் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். பெட்டியைத் திறந்ததும் புளித்த காடி வாசனை வந்தால் பிலிம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதை மற்றவற்றிலிருந்து பிரித்து, வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பிலிம் ஓரத்தில் ஆங்கிலத்தில் 'சேஃப்டி' என்று அச்சாகியிருந்தால் அது எளிதில் தீப்பிடிக்காத வகை. 1950களுக்கு முந்தையதாக இருந்து, அந்தச் சொல்லும் இல்லாவிட்டால் நைட்ரேட்டாக இருக்கலாம். அடுப்பு, விளக்கு, பீடி நெருப்பு எதற்கும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். பழைய புரொஜக்டரில் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். வீடியோ கேசட்டில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் டெக்கில் போடவே போடாதீர்கள். போட்டால் கேசட்டும் போகும், டெக்கும் போகும். கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகும் மூலத்தைத் தூக்கி எறியாதீர்கள். நாளைக்கு இன்னும் நல்ல கருவி வரும்போது மறுபடி அந்த மூலம்தான் வேண்டும்.

பெட்டியில் இருப்பது என்ன படம் என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படம் பிடித்துக்கொண்டு, புனேயில் உள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்துக்கு எழுதுங்கள். தமிழில் விவரம் எழுதி, கூடவே ஆங்கிலத்திலும் இரண்டு வரி சேர்த்து அனுப்புங்கள். மாணவர்கள் உதவி செய்யுங்கள். இந்த மண்டபத்தை விட்டு வீட்டுக்குப் போனதும், இன்று இரவே, பரணை ஒருமுறை பாருங்கள்.